ஹெப்பகோடிக்கு வந்த டெனர் சாக்ஸபோன்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து பொம்மசந்திராவை அடைவதற்கு முன்னால் இருப்பது ஹெப்பகோடி. ஒரு காலத்தில் ஏரியும் ராகி வயலுமாக இருந்த கிராமம். இன்று நகரசபை அந்தஸ்துப் பெற்ற ஊர். ஒரு பக்கம் மருந்துத் தொழிற்சாலைகள், மறுபக்கம் இயந்திரப் பட்டறைகள், நடுவே நான்கடுக்கும் ஐந்தடுக்குமாக எழும்பிய வாடகைக் கட்டிடங்கள். எங்கள் கட்டிடத்தின் மாடிப்படியை ஒரு தரம் ஏறி இறங்கினால் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஒரியா, இந்தி, வங்காளம் ஆகிய ஆறு மொழிகளும் காதில் விழுந்துவிடும். தமிழக எல்லை இருபது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் குடிபெயர்ந்தவனுக்குத் தூரம் என்பது கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை என்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கு அறிவார்கள்.

அடியேன் மெட்ரிகுலேஷன் மாத்திரம் தேறியவன். இரயில்வேயில் பார்சல் குமாஸ்தா உத்தியோகம். ஹீலலிகே நிலையத்தில் வண்டி ஏறி வேலைக்குப் போவதும், இருட்டிய பின் திரும்புவதுமாகப் பன்னிரண்டு வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டில் மனைவி, பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண், என் தகப்பனார் ஆக நால்வர். இந்தக் கட்டுரை ஒரு வாத்தியம் வாங்கிய வரலாறு. ஆனால் தகப்பனாரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

என் தகப்பனார் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாகஸ்வரம் வாசித்தவர். கோயில் உற்சவம், கலியாணம், காதுகுத்து என்று சுற்று வட்டாரத்தில் அவருடைய இரண்டு கட்டைச் சுருதி நாயனம் ஒலிக்காத தெரு இல்லை. எனக்குச் சிறு வயதில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டாம் வயதில் ஒரு நாள் நிறுத்திவிட்டார். "இது சோறு போடாது தம்பி. நீ பரீட்சை எழுது" என்றார். நான் பரீட்சை எழுதினேன், சோறும் கிடைத்தது. என் தாயார் காலமான பின் அவரை ஹெப்பகோடிக்கு அழைத்து வந்தேன். அதற்குள் அவருடைய முன்பற்கள் போய்விட்டன. சீவாளியைக் கவ்வ உதட்டுக்குப் பின்னே பல்லின் தாங்கல் வேண்டும். நாயனத்தை உறையிலிட்டுப் பரணில் வைத்தார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மருமகள் கேட்டதற்கு "ஆகட்டும் அம்மா" என்பார், பேத்தியைத் தட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான் பேச்சு. பாஷை தெரியாத ஊரில் கிழவர் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பது நம்மில் பல வீடுகளில் தெரிந்த விஷயமே.

ஹுஸ்கூர் ஜாத்திரை

ஹெப்பகோடிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ஹுஸ்கூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே மத்தூரம்மன் கோயில் ஜாத்திரை பங்குனி மாதத்தையொட்டி வெகு விமரிசையாக நடைபெறும். சுற்றுக் கிராமங்கள் ஒவ்வொன்றும் வானளாவிய தேர் ஒன்றைக் கட்டி, எருதுகளையும் டிராக்டர்களையும் பூட்டி இழுத்து வருவார்கள். நூறடிக்கு மேற்பட்ட தேர்களும் உண்டு. இந்த உயரமே ஆபத்தாகி, 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேர்கள் சாய்ந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நான் சொல்வது அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய ஜாத்திரையை.

தகப்பனாரை வற்புறுத்தி ஆட்டோவில் அழைத்துச் சென்றிருந்தேன். தமுக்கும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தன. அவர் எதையும் கவனியாமல் கரும்புச்சாறுக் கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். அப்போது பாண்டு வாத்தியக் கோஷ்டி ஒன்று வந்தது. கிளாரினெட்டுகளும் டிரம்பெட்டுகளும் கீச்சிட்டு ஓய்ந்த ஓர் இடைவெளியில், அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எழும்பிற்று. வயது முதிர்ந்த ஓர் ஆண்மகன் வாய் திறந்து பாடுவது போலிருந்தது. கழுத்துப் பட்டையில் தொங்கிய பெரிய பித்தளைக் குழாய் ஒன்றை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். தகப்பனார் தலையைத் திருப்பினார். பல மாதங்களாக எந்தச் சப்தத்துக்கும் அவர் அப்படித் திரும்பியதில்லை.

"அது என்ன வாத்தியம்? நம் நாயனத்துக்கு அண்ணன் மாதிரிப் பேசுகிறதே" என்றார்.

கோஷ்டியார் ஓய்ந்தபின் அருகே சென்று விசாரித்தேன். "டெனர் சாக்ஸபோன்" என்று பதில் கிடைத்தது. வீடு வரும் வரையில் தகப்பனார் வேறொன்றும் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை.

வாத்தியத்தின் வரலாறு

சாக்ஸபோன் என்றவுடன் நம்மவர்களுக்கு 1994இல் வெளிவந்த "டூயட்" படம் நினைவுக்கு வரும். அதில் ஒலிக்கும் சாக்ஸபோன் நாதத்துக்கு உரியவர் கத்ரி கோபால்நாத். அவர் 1949இல் தென் கன்னடப் பகுதியில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் மைசூர் அரண்மனைப் பாண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அதில் கர்நாடக சங்கீதத்தை வசப்படுத்தப் பல ஆண்டுகள் உழைத்தார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பி. பி. சி. நடத்தும் புராமனேட் கச்சேரி வரிசையில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019 அக்டோபரில் காலமானார். நாகஸ்வரத்தின் வீட்டிலிருந்து சாக்ஸபோன் வீட்டுக்குப் பாதை ஒன்று உண்டு என்பதை எனக்கு முதலில் காட்டியது அவருடைய வரலாறுதான்.

இந்த வாத்தியத்தை உண்டாக்கியவர் அடால்ஃப் சாக்ஸ். பெல்ஜியத்தில் தினான் என்னும் ஊரில் 1814இல் பிறந்து, பாரிஸில் பட்டறை வைத்து, 1846இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றல்ல, பெரிதும் சிறிதுமாக ஒரு குடும்பத்தையே படைத்தார். அதில் இன்று பெருவழக்கில் இருப்பவை சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்னும் நான்கு. பட்டாளத்துப் பாண்டுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால் போட்டியாளர்கள் வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். சாக்ஸ் மும்முறை திவாலாகி, 1894இல் ஏழையாகவே இறந்தார். அவருடைய வாத்தியமோ கடல் கடந்து அமெரிக்கா சென்று ஜாஸ் சங்கீதத்தின் தாய்மொழியாகிவிட்டது. டெனர் வாசிப்பில் புகழ்பெற்ற ஜான் கோல்ட்ரேன் நம் நாட்டுச் சங்கீதத்தில் மிகுந்த பற்றுடையவர்; 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார்.

பித்தளையால் செய்யப்பட்டிருந்தும் மேல்நாட்டார் இதை மர வாத்திய இனத்தில் சேர்க்கிறார்கள். ஒலியை எழுப்புவது நாணல் ரீடு என்பதே காரணம். நம் முன்னோருக்கு இந்தக் குழப்பமே எழாது; துளைக்கருவி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். நாகஸ்வரத்துக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. இரண்டின் குழாயும் மேலே குறுகிக் கீழே விரிவது. இரண்டுக்கும் உயிர் நாணலே. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு நாக்குகள். சாக்ஸபோனில் ஒரே நாக்கு. நாகஸ்வரத்தில் ஏழு துளைகளை விரல் நுனிகள் நேரே மூடுகின்றன. சாக்ஸபோனில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகளைத் தோல் ஒட்டிய மூடிகள் மூடுகின்றன. விரல் தொடுவது அவற்றின் விசைகளை மட்டுமே. ஆகவே விரலைச் சற்றே வழுக்கி ஸ்வரத்தை அசைக்கும் வழி இதில் இல்லை. கமகம் முழுவதும் உதடு, தாடை, தொண்டை ஆகிய மூன்றினாலேயே வரவேண்டும்.

டெனரா, ஆல்டோவா?

இந்த விஷயங்களை எனக்கு விளக்கியவர் ஒரு பெரியவர். அல்சூர்ப் பக்கம் குடியிருக்கும் தமிழர். நாற்பது வருஷம் பாண்டில் வாசித்து ஓய்ந்தவர். ஒரு நாள் என் பார்சல் கவுன்டருக்கு வாத்தியப் பெட்டி ஒன்றை அனுப்ப வந்தார். பெட்டியின் வடிவத்தைக் கண்டதும், "இது டெனரா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இரயில்வேக்காரருக்கு இது எப்படித் தெரியும்?" என்றார். அன்று பிடித்த சிநேகம் இன்றளவும் நீடிக்கிறது. ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய பழைய வாத்தியத்தில் ஊதிப் பழகினேன். வாங்குவதற்கு முன் இப்படியே ஒன்றரை ஆண்டுகள் சென்றன.

அவர் முதலில் எனக்குப் புத்தி சொன்னது ஆல்டோவை வாங்கும்படிதான். "தம்பி, ஆல்டோ இலேசு. விரலுக்கு விரல் கிட்ட இருக்கும். அதன் ஆதார ஸ்வரம் இரண்டரைக் கட்டையில் நிற்கும். நாயனக் காதுக்குப் பொருத்தம். கத்ரியார் வாசித்ததும் ஆல்டோதான். டெனர் மூன்று கிலோவுக்கு மேல், கழுத்தை ஒடிக்கும். மூச்சையும் அதிகம் தின்னும்" என்றார்.

அவர் சொன்னது அனைத்தும் உண்மை. ஆனால் தகப்பனாரைத் திரும்பிப் பார்க்கச் செய்த குரல் டெனருடையது. அதைச் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "உங்கள் அப்பா நாயனம் எத்தனை கட்டை?" என்று கேட்டார். "இரண்டு" என்றேன். உடனே ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். டெனரில் மேல்நாட்டார் "சி" என்று எழுதும் ஸ்வரத்தை ஊதினால் நம் கணக்கில் ஆறரைக் கட்டை பேசும். இரண்டு கட்டைக்கு வரவேண்டுமானால் "ஈ" என்னும் விரலடைப்பில் ஷட்ஜத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தால் ஒரு வேடிக்கை: தோடி ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் பக்க விசை எதையும் தொடாமல் நேர் விரல்களிலேயே வந்துவிடுகின்றன. "நாயனக்காரர் வீட்டுக்குத் தோடியைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறது உன் டெனர். சரி, அதையே வாங்கு" என்று சிரித்தார்.

மனைவியின் உரைகல்

வாங்குவதென்றால் பணம் வேண்டுமே. பேர்பெற்ற அந்நிய நாட்டுக் கம்பெனியின் புதிய டெனர் ஒரு லட்சத்துக்கு வெகு மேலே. என் சக்திக்கு அது ஆகாது. ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நாற்பத்தையாயிரம் ரூபாய் கடன் பெறலாம் என்று கணக்கிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஜூன் மாதம் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். அது தெரியுமல்லவா?" என்றாள்.

"தெரியும்."

"மாமாவுக்காகத்தான் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குண்டுமணி நகை வாங்கினாலும் உரைத்துப் பார்த்து வாங்குகிறோம். இதை உரைத்துப் பார்க்க உங்களுக்குத் தெரிகிற வரையில் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்."

அந்த வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. கடன் கைக்கு வந்த வாரமே நகரத்தில் ஒரு கடையில் பளபளவென்று பொன் போல் மின்னும் புதிய டெனர் ஒன்றைக் கண்டேன். விலை நாற்பத்திரண்டாயிரம். கடைக்காரர் வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டி, "இன்றே எடுத்தால் ஸ்டாண்டு இலவசம்" என்றார். கை பையிலிருந்த பணத்தை நோக்கிப் போய்விட்டது. மனைவியின் முகம் கண்முன் தோன்றவே, பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் ஆட்டோ பிடித்து வந்தார். பத்தே நிமிஷத்தில் அந்த வாத்தியத்தின் வேஷம் கலைந்தது. கீழ் ஸ்வரங்கள் வாயைத் திறக்க மறுத்தன. விசைகள் விரலின் கீழ் ஆடின. உள்ளே விட்ட விளக்கின் ஒளி நான்கு மூடிகளின் ஓரத்தில் கசிந்தது. "புதியது என்பது ஒரு குணம் அல்ல தம்பி" என்று சொல்லி என்னை வெளியே அழைத்து வந்தார்.

உரைத்துப் பார்க்கும் முறை

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்க நினைக்கும் பெற்றோர் நம்மில் பலர் உண்டு. பெரியவர் எனக்குக் கற்பித்த சோதனைகளை அவர்களுக்குப் பயன்படும் பொருட்டுச் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலாவது, வாத்தியத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கீழே விழுந்த வாத்தியம் மயிரிழை வளைந்திருந்தாலும் விசைகள் ஒழுங்காக மூடமாட்டா. வெறும் நசுங்கல்கள் எல்லாம் பழுதல்ல; துளையின் விளிம்பில் உள்ள நசுங்கலே ஆபத்து.

இரண்டாவது, மேலே செருகும் கழுத்துக் குழாய். திருகை இறுக்கிய பின் அது ஆடக்கூடாது. அதன் வளைவு அமுங்கி முட்டை வடிவாகியிருந்தால் யாரோ முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, இருட்டறையில் குழாய்க்குள் சிறு விளக்கை விட்டு ஒவ்வொரு மூடியையும் மெதுவாக அழுத்திப் பார்ப்பது. ஒளி கசிகிற இடத்தில் காற்றும் கசியும். விளக்கு இல்லையேல் மெல்லிய காகிதத் துண்டை மூடிக்கடியில் வைத்து மூடி இழுக்கலாம். சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்கவேண்டும்.

நான்காவது, விசைகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பது. தேய்ந்த அச்சு கடகடவென்று ஆடும். அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்வது செலவுள்ள வேலை.

ஐந்தாவது, ஊதிப் பார்ப்பது. உரக்க ஊதினால் எல்லாம் பேசும். அடி ஸ்வரத்தை மெதுவாக ஊதும்போது பேசுகிறதா என்பதே பரீட்சை. மேல் ஸ்தாயி விசையை அழுத்தியபடி "ஜி"யிலிருந்து "ஏ"க்குப் போகவேண்டும். அந்த இடத்தில்தான் உடலிலுள்ள சிறு துளை மூடிக் கழுத்திலுள்ள துளை திறக்கிறது. பழுதிருந்தால் அங்கே திக்கும்.

கடைசியாக, மூடிகளின் தோல். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றவேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசவேண்டும். மேலே பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரை மாத்திரம் நம்பி ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கலாகாது. பெயரைப் பொறிப்பது சுலபம். வாங்குகிறவருக்கு ஊதத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது கட்டாயம்.

வாங்கிய நாள்

கலைந்துபோன கலியாணப் பாண்டு கோஷ்டி ஒன்றின் வாத்தியங்கள் விலைக்கு வருவதாகப் பெரியவருக்குத் தகவல் கிடைத்தது. சிவாஜிநகர்ப் பக்கம் சந்துக்குள் ஒரு வீடு. கட்டிலின் அடியிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்தார்கள். உள்ளே மெருகு முழுவதும் போய், பழைய செப்புக் குடம் போல் கறுத்துக் கிடந்தது ஒரு டெனர். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை என் கையில் கொடுத்து, "நீயே பார்" என்றார்.

குழாய் நேராக இருந்தது. கழுத்து ஆடவில்லை. அச்சுகள் இறுக்கமாக இருந்தன. தோல் மூடிகள் மட்டும் பலவிடத்தில் கிழிந்திருந்தன. அடி ஸ்வரங்கள் அடைபட்டுப் பேசினாலும், நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நீட்டியபோது ஹுஸ்கூரில் கேட்ட அதே குரல் அந்தச் சிறு அறையை நிறைத்தது. விற்ற அம்மாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய கணவர் வாசித்த வாத்தியம். "நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்று மாத்திரம் சொன்னார். பேரம் பேச வாய் வரவில்லை. அவர் கேட்ட முப்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.

தோல் மூடிகளை முழுவதும் மாற்ற எட்டாயிரம் ஆயிற்று. பின்னர் பலேபேட்டைக்குச் சென்றோம். சிக்கபேட்டையை அடுத்த அந்தத் தெருவில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் கிதாரும் ஒரே கூரையின் கீழ்த் தொங்கும். அங்கே நல்ல மௌத்பீஸ் ஒன்று நாலாயிரத்து ஐந்நூறுக்கும், கழுத்துப் பட்டை, ரீடுகள், துடைக்கும் துணி ஆகியவை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் வாங்கினோம். ஆகக் கடன் தொகை சரியாகத் தீர்ந்தது. புதிதாகப் பழகுகிறவர் தடித்த ரீடு வாங்கக்கூடாது, இரண்டாம் எண் போதும் என்பது பெரியவரின் கட்டளை.

சிக்கபேட்டையில் மெட்ரோ ஏறினேன். ஆர். வி. ரோடு நிலையத்தில் மாறி, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில் ஹெப்பகோடி வரையில் நேராக வந்துவிடலாம். நெடுஞ்சாலை நெரிசலில் பஸ்ஸில் நின்று வந்த காலத்தை எண்ணினால் இது பெரும் பாக்கியம். நுழைவாயிலில் பெட்டியைச் சோதனை இயந்திரத்தில் விட்டபோது, திரையில் தெரிந்த உருவத்தைக் கண்டு காவலர் திடுக்கிட்டுத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சாக்ஸபோனா? எங்கள் ஊர்க் கலியாணங்களில் இதுதான் வாசிப்பார்கள்" என்று கன்னடத்தில் சொன்னார், மங்களூர்ப் பக்கத்தவராம். வேலை நேரமாக இல்லாவிட்டால் அங்கேயே ஊதச் சொல்லியிருப்பார்.

ஏரிக்கரைச் சாதகம்

வீட்டில் ஊதிய முதல் நாளே மேல் வீட்டிலிருந்து ஆள் வந்தார். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குகிற தொழிலாளி. அவர் மேல் குற்றமில்லை. டெனரின் சப்தம் ஒரு சுவருக்கு அடங்குவதன்று. அமெரிக்காவில் சோனி ரோலின்ஸ் என்னும் டெனர் மேதை, அண்டை அயலாருக்குத் தொந்தரவாகும் என்று கருதி, 1959 முதல் 1961 வரையில் நியூயார்க் நகரத்து வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்தார் என்று பெரியவர் சொல்லியிருந்தார். எனக்குப் பாலம் இல்லை. ஹெப்பகோடி ஏரிக்கரை இருக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகலானேன். நீர்க்கோழிகளும் நடைப்பயிற்சி செய்பவர்களுமே ரசிகர்கள். சிறு வயதில் கற்ற சரளி வரிசை காதில் இருந்தது. விரலும் உதடும்தான் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. ஒரு மாதம் வரையில் கீழுதட்டின் உட்புறம் புண்ணாகவே இருந்தது.

தகப்பனார் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி கட்டிலின் காலடியில் இருந்தது. ஒரு நாள் மாத்திரம் அதன் மேல் கையை வைத்துப் பார்த்ததாக மனைவி சொன்னாள். எனக்கு உள்ளூரக் கவலை பிறந்தது. வட்டி மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடுகிறது; யாருக்காக வாங்கினேனோ அவர் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறார். ஆசையில் செய்துவிட்ட பிழையோ என்று பல இரவுகள் எண்ணியதுண்டு.

தை மாதத்தில் ஒரு விடுமுறை நாள் பிற்பகல். மேல் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, பெரியவர் சொன்ன கணக்குப்படி "ஈ"யில் ஷட்ஜத்தை நிறுத்தித் தோடியின் ஆரோகணத்தை மெல்ல ஊதிப் பார்த்தேன். விரல்கள் தடையின்றி ஏறின. எனக்கே கொஞ்சம் கர்வம் உண்டாயிற்று.

"அது தோடி இல்லை."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தகப்பனார் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"காந்தாரத்தைக் கம்பம் நட்ட மாதிரி நட்டுவிட்டாய். அது நிற்கிற ஸ்வரம் இல்லை தம்பி. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்தியமத்தை எட்டிப் பார்த்து, நடுவிலே அசையவேண்டும். விரலால் வராதென்றால் உதட்டால் வாங்கு. கேள்."

பிறகு பாடினார். பற்கள் இல்லாத வாயிலிருந்து, பல வருஷங்கள் பேசாதிருந்த தொண்டையிலிருந்து, அந்தக் காந்தாரம் அசைந்து அசைந்து வந்தது. சமையலறையில் பாத்திரச் சப்தம் நின்றது. பெண் புத்தகத்தை மூடிவிட்டு வந்து தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஊதினேன். "இல்லை" என்றார். மறுபடி ஊதினேன். "இல்லை" என்றார். விளக்கு வைக்கும் வரையில் பத்துத் தரமாவது "இல்லை" என்றிருப்பார். பதினோராம் தரம் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். அதற்கு மேல் எனக்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

அன்று முதல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. காலையில் என்னை எழுப்புவதே அவர்தான். பனி குறைந்த நாட்களில் தாமும் ஏரிக்கரைக்கு வந்து கல் பெஞ்சியில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரியாக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் பின்னாலேயே வருகிறான். அவனுக்கும் ஸரிகம சொல்லிக் கொடுக்கிறார். பாஷை ஒன்றும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. "வயலினும் கிளாரினெட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? நம் கைக்கு வந்தபிறகு நம் பாட்டைப் பாடவில்லையா? இதுவும் பாடும். நீ ஒழுங்காக ஊதவேண்டும், அவ்வளவுதான்" என்கிறார்.

கடனில் இன்னும் பல தவணைகள் பாக்கி. ஜூன் மாதச் சம்பளத்துக்கு மனைவி சீட்டுப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறாள். வாத்தியம் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. பளபளப்பைக் கண்டு அவசரப்படவேண்டாம். ஒன்றரை ஆண்டு ஆனாலும் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவரைத் தேடிப் போங்கள். அப்படித் தெரிந்தவர் ஒருவேளை உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருக்கவும் கூடும்.